நாலு மணிக்கு மேல்தான் பல்கலைக்கழகம்

அன்புள்ள நித்யா,

இதை நேரில் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீ "சரிம்மா" என்று சொல்லிவிடுவாய். உன் "சரிம்மா"வுக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் மேற்கொண்டு பேச முடிந்ததில்லை. அதனால் எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. "எதிர் ரூம்புலதான இருக்குது பொண்ணு, கூப்ட்டு பேசேன். இன்னாத்துக்கு பேப்பரும் பேனாவும்?" என்று கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார். எழுதினால் நீ முழுக்கப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். குழம்பிக்கொண்டிருக்கும் உன் சிநேகிதிகளுக்கும் காட்டலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

திங்கட்கிழமைக்குள் நீ இரண்டில் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். இரண்டு இடத்திலும் உனக்கு எம்.எஸ்ஸி. வேதியியல் கிடைத்திருக்கிறது. ஒன்று, மாவட்டம் முழுக்க மஞ்சள் பஸ் விடுகிற தனியார் பல்கலைக்கழகம். இன்னொன்று, சென்னைக்குள் இருக்கிற பழைய அரசுப் பல்கலைக்கழகம். அப்பா முதலாவதற்கு பஸ் யுனிவர்சிட்டி என்றும் இரண்டாவதற்கு ரயில் யுனிவர்சிட்டி என்றும் பெயர் வைத்துவிட்டார். அந்தப் பெயர்களே எனக்கும் வசதி. பஸ் என்றால் தினமும் வீட்டிலிருந்து போய் வருவது. ரயில் என்றால் நகரத்தில் ஹாஸ்டலில் தங்குவது. பேச்செல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருக்கிறது. வேதியியலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நம் பக்கத்தில் பிள்ளைகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பதைப் பெரும்பாலும் பஸ்தான் முடிவு செய்கிறது. அங்கே யார் சொல்லித்தருகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்பதுதான் கேள்வி. அப்பா சொன்னது உனக்கு நினைவிருக்கும். "நம்ம ஊரு ஆர்ச்சாண்டையே நிக்குது பஸ்ஸு. பொண்ணு ஆர்ச்சுல ஏறிச்சின்னா காலேஜில எறங்கும். காலேஜில ஏறிச்சின்னா ஆர்ச்சுல எறங்கும். நடுவுல இன்னா பேஜாரு இருக்குது?" பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்திருந்த உன் அத்தையும் சேர்ந்துகொண்டாள். "அண்ணி, நீங்க படிச்சவங்க, உங்களுக்கு ஆயிரம் யோசனை வரும். எங்க பிரியா அஞ்சு வருஷம் அந்த பஸ்ஸுலதான் போய்க்கினு இருந்துச்சு. ஒரு நாள் மழையில நனைஞ்சிருக்குமா, கேளுங்க!" ஐந்து வருடப் படிப்பைப் பற்றிச் சொல்வதற்கு நனையவில்லை என்ற ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். அத்தை மேல் தப்பில்லை. பெண்ணை அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அதுவும் பெரிய விஷயம்தான்.

மூன்று பேரும் சேர்ந்து பஸ் யுனிவர்சிட்டியைப் பார்க்கப் போனோமே, அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன். பெயரில் சென்னை இருக்கிறது. ஆனால் அந்த நுழைவாயிலில் நின்று பார்த்தால் நான்கு பக்கமும் தெரிவது நெல் வயலும், வயலாக இருந்து மனையாகிவிட்ட இடமும்தான். நம் வயலைத் தாண்டி இன்னொருவர் வயலுக்குப் போவதற்குத்தான் அத்தனை பெரிய பஸ். பெயரை மட்டும் பார்த்து நகரத்துப் படிப்பு என்று நம்பிச் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். நகரம் வேண்டும் என்று நீ நினைத்தால், வாசலை விட்டு வெளியே நடந்தால் என்ன இருக்கிறது என்று பார். நூலகம், புத்தகக்கடை, இன்னொரு கல்லூரி, ஆராய்ச்சிக் கூடம் ஏதாவது இருக்கிறதா, இல்லை நெடுஞ்சாலையும் ஒரு டீக்கடையும் மட்டும்தானா என்று பார்.

நியாயமாகவும் பேச வேண்டும். கழிப்பறைகள் சுத்தமாக இருந்தன. இதைச் சாதாரணமாக நினைக்காதே. லேபில் நாள் முழுக்க நிற்கும் ஒரு பெண் தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகிவிட்டால் அதன் பலனை நாற்பது வயதில் உடம்பு சொல்லும். எந்தப் பல்கலைக்கழகமானாலும் முதலில் பெண்கள் கழிப்பறையைப் போய்ப் பார், அதுவும் மதியத்துக்கு மேல் பார். காலையில் எல்லா இடமும் சுத்தமாகத்தான் இருக்கும்.

அங்கே வரவேற்பறையில், அவர்களுடைய மாணவர்களுக்கு வேலை கொடுத்த கம்பெனிகளின் பெயர்களைச் சுவர் முழுக்கப் போட்டிருந்தார்கள். அதில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கிற கம்பெனியின் பெயரும் இருந்தது. நீ பார்த்துவிட்டு என் முழங்கையை இடித்தாய். அட்மிஷன் பார்க்கும் அந்தத் தம்பியிடம் "இந்தக் கம்பெனியில எத்தனை பேரை எடுத்தாங்க?" என்று கேட்டேன். "நிறைய பேர் மேடம். ஒவ்வொரு வருஷமும்." "நான் அங்கதான் தரக் கட்டுப்பாட்டு லேப்ல இருக்கேன்." அவர் ஒரு விநாடிகூடத் தடுமாறவில்லை. "சூப்பர் மேடம்! அப்போ நாங்க சொல்றதுக்கு நீங்களே சாட்சி!" நீயும் அப்பாவும் சிரித்துவிட்டீர்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. எனக்குத் தெரிந்து எங்கள் லேபுக்கு அங்கிருந்து வந்தவள் ஒரே ஒருத்தி. அந்தச் சுவரில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் எத்தனை பேர், என்ன வேலை, ஒப்பந்தமா நிரந்தரமா, ஒரு வருடம் கழித்து இன்னும் இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். கேட்டால் பதில் வராது. பதில் வராததையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்.

அந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருடம் நேர்காணலில் நானும் உட்கார்ந்திருந்தேன். நல்ல மதிப்பெண், தெளிவான பேச்சு. வழக்கமாக நான் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். "நீங்க கையால செய்த ஒரு பரிசோதனை தப்பாப் போச்சு, திரும்பச் செய்து கண்டுபிடிச்சீங்க. அந்த மாதிரி ஒண்ணு சொல்லுங்க." அவள், "தப்பாப் போனா திரும்பச் செய்ய டைம் இருக்காது மேடம். பஸ் போயிடும்" என்றாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. உண்மையைச் சொன்னாள் என்பதற்காகவே அவளை எடுக்கலாம் என்று நான் சொன்னேன், எடுத்தோம். இப்போது நன்றாகத்தான் வேலை பார்க்கிறாள். ஆனால் இரண்டு வருடத்தில் அங்கே கற்றிருக்க வேண்டியதை இப்போது எங்களிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொள்கிறாள். அங்கே இருந்த பெரிய கருவிகளைப் பற்றி ஒரு நாள் கேட்டேன். "பாத்திருக்கோம் மேடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும்" என்றாள். சனிக்கிழமை நம்மையும் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வைத்தார்கள். நீ கவனித்தாயா என்று தெரியவில்லை.

இதை ஒரு வேடிக்கைக் கதையாக எடுத்துக்கொண்டு என்னால் போக முடியவில்லை. ஏனென்றால் நானும் அப்படிப் படித்தவள்தான். திருவாலங்காட்டிலிருந்து சென்னைக்கு இரண்டு வருடம் ரயிலில் போய்வந்து எம்.எஸ்ஸி. முடித்தேன். 'அப்-டவுன் பண்றேன்' என்று பெருமையாகச் சொல்வோம். மதியம் மூன்றரை மணி ஆனால் என் கால்கள் தானாகவே மேசைக்கு அடியில் செருப்பைத் தேட ஆரம்பிக்கும். ஒரு நாள் எங்கள் பேராசிரியர், பழுதாகிக் கிடந்த கருவி ஒன்றை மேசை மேல் வைத்து, "இதைப் பிரிக்கப் போறேன். வேணும்ங்கறவங்க இருங்க" என்றார். அதுவரை அவர் குரலில் அப்படி ஒரு உற்சாகத்தை நான் கேட்டதில்லை. ஹாஸ்டல் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். நான் ரயிலுக்குப் போனேன். மறுநாள் அந்த மூன்று பேரும் பேராசிரியரும் ஒருவருக்கொருவர் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கருவியின் உள்ளே என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்கு முதல் வகுப்பு கிடைத்தது. மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பல்கலைக்கழகத்தில் படித்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன், ஆனால் சாயங்காலத்தில் அந்தக் கட்டடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதில் யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. வேறு வழி இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

அதனால் போன புதன்கிழமை, ஆடிட் என்று சொல்லிவிட்டுப் போனேனே, அன்றைக்கு ஆடிட் எதுவும் இல்லை. லீவு போட்டுவிட்டு கவரைப்பேட்டையில் ரயில் ஏறி உன் ரயில் யுனிவர்சிட்டியைப் பார்க்கப் போனேன். ஒருவரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நீ வேறெங்கு போய்ப் பார்ப்பதானாலும் அப்படித்தான் போக வேண்டும். விருந்தாளியாகப் போனால் விருந்துதான் கிடைக்கும்.

பார்த்ததை அப்படியே சொல்கிறேன். துறைக் கட்டடம் பழசு, மாடிப்படியில் பகலிலும் இருட்டு. ஆசிரியர் பெயர்ப் பலகையில் பாதி இடம் காலி. ஓய்வு பெற்றவர்களின் இடத்தில் இன்னும் ஆள் போடவில்லை, கௌரவ விரிவுரையாளர்கள் சமாளிக்கிறார்கள். உனக்கு வரப்போகும் தாள்களை யார் எடுக்கிறார்கள் என்று பெயர் பெயராகக் கேட்டுக்கொள், துறையின் பழைய புகழை நம்பிப் போகாதே. பெண்கள் கழிப்பறை ஒன்று பூட்டியிருந்தது. சாவி அட்டெண்டரிடம், அட்டெண்டர் சாப்பாட்டில். தேர்வு முடிவு தாமதமாக வருமாம், வேலைக்கோ மேல்படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது அது இடிக்கும். மதியம் வரை நான் பார்த்ததை வைத்து முடிவு செய்திருந்தால் பஸ்ஸே மேல் என்று வந்திருப்பேன்.

மூன்றரை மணி ஆனது. நான் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் கால்கள் செருப்பைத் தேடின, நித்யா. இத்தனை வருடம் கழித்து! யாரும் கூப்பிடவில்லை, எந்த வகுப்பும் இல்லை, எந்த ரயிலையும் பிடிக்க வேண்டிய அவசரம் இல்லை. ஆனாலும் எழுந்து நின்றுவிட்டேன். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, திரும்ப உட்கார்ந்தேன்.

நாலு மணிக்கு மேல் கூட்டம் கலைந்தது. ஆனால் இடம் காலியாகவில்லை. கேண்டீன் பக்கத்தில் ஒரு பெண், ஆராய்ச்சி மாணவன் ஒருவனிடம் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பிரித்தெடுக்க வேண்டிய பொருள் இரண்டாவது முறையும் பிரியவில்லை, இவன் கொடுத்த கரைப்பான்தான் சரியில்லை என்று சண்டை. அவன் போனதும் நான் போய்ப் பேசினேன். பழவேற்காட்டுப் பெண், அப்பா ஏரியில் மீன் பிடிக்கிறவர், இரண்டாம் வருடம் படிக்கிறாள். "இன்னா ஆன்ட்டி, பேரன்ட்டா? பொண்ணு எங்க? அத்த உட்டுட்டு நீங்க வந்து சுத்திக்கினு இருக்கீங்க!" என்றாள். ஹாஸ்டலைப் பற்றிக் கேட்டேன். "சாம்பார மட்டும் கேக்காதீங்க. மொத ஒன்றரை மாசம் ரூமே குடுக்கல. காசிமேட்டுல பெரியப்பா ஊட்ல இருந்தேன். இப்போ ரூம்ல நாலு பேரு, ஃபேன் ஒண்ணு. அதுவும் என் பக்கம் சுத்தாது." கருவிகள்? "பழசு ஆன்ட்டி. ஆனா நாங்கதான் தொடுவோம். கெட்டுப்போச்சுன்னா நாங்கதான் திட்டு வாங்குவோம்." பாடம் எடுப்பவர்கள்? அதற்குத்தான் அவள் சிரித்தாள். "எங்க சார் நாலு மணி வரைக்கும் சிலபஸ் மாதிரி பேசுவாரு. நாலு மணிக்கு மேலதான் மனுஷன் மாதிரி பேசுவாரு. அப்போ இருந்தா எது கேட்டாலும் சொல்வாரு. அப்போ இல்லன்னா ஒண்ணும் இல்ல."

நான் அன்றைக்கு நூலகத்தில் விளக்கு போடும்வரை இருந்தேன். அந்த நேரத்தில் அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களை எண்ணிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. பாதிப் பேர் போட்டித் தேர்வுக்குப் படித்தார்கள், ஒருவன் தூங்கினான். நான் எதையும் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் அது திறந்திருந்தது, உள்ளே ஆள் இருந்தார்கள். அவர்களை யாரும் எந்த வண்டியிலும் ஏற்றிக்கொண்டு போகவில்லை.

அன்றிரவு நான் வீட்டுக்கு வந்தபோது நீ சோறு வடித்து ரசம் வைத்திருந்தாய். தட்டை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாய். "இதுக்குத்தாம்மா எனக்கு பஸ்ஸே போதும்னு சொல்றேன். நீ லேட்டா வந்தா ஊட்ல ஒரு ஆள் இருக்கணும்ல." நீ சாதாரணமாகத்தான் சொன்னாய்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த ஒரு மாதத்தில் பஸ் யுனிவர்சிட்டியைப் பற்றி அப்பாவிடமும் அத்தையிடமும் என்னிடமும் நீ சொன்னது ஒரே வார்த்தை. போதும். "அதுவே போதும்ப்பா." "எனக்குப் போதும் அத்தை." வேணும் என்று ஒரு தடவைகூட நீ சொல்லவில்லை. ரயிலைப் பற்றியும் சொல்லவில்லை. போன வருடம் எனக்கு ஆபரேஷன் ஆனபோது நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டே என்னைத் தூக்கி உட்கார வைத்தாய், அப்பாவுக்குச் சாப்பாடு கட்டினாய், ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அந்தப் பழக்கம் உனக்குள் நின்றுவிட்டது என்று நினைக்கிறேன், என் கால்களுக்குள் அந்த ரயில் நின்றுவிட்ட மாதிரி. நான் இப்போது நன்றாக இருக்கிறேன். சிப்காட்டுக்கும் வீட்டுக்கும் நானே ஸ்கூட்டரில் போய்வருகிறேன். குக்கரில் அரிசி வைக்க எனக்கு ஒரு முதுகலைப் பட்டதாரி தேவையில்லை. அப்பா ஒரு வேளைக்கு உப்புமா செய்வார். அதில் உப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது, இருந்தாலும் செய்வார்.

ரயில் யுனிவர்சிட்டிக்குப் போ என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அங்கே உள்ள கஷ்டங்களை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறேன். முதல் ஒன்றரை மாதம் எங்கே தங்குவாய் என்பது நிஜமான கேள்வி, அதற்கு வழி பார்ப்பது என் பொறுப்பு. பஸ் யுனிவர்சிட்டியில் சுத்தமும் ஒழுங்கும் நேரத்துக்கு வரும் தேர்வு முடிவும் இருக்கிறது, அவற்றுக்காகவே ஒருவர் அதை எடுக்கலாம், அதில் தப்பில்லை. நீ அதை வேணும் என்று சொல்லி எடுத்தால் முதல் நாள் நானே ஆர்ச்சுக்கு வந்து உன்னை ஏற்றிவிடுவேன். போதும் என்று சொல்லி மட்டும் எடுக்காதே. அந்த வார்த்தையைச் சொல்லி நான் எடுத்தவை சில உண்டு. எதுவும் மோசமாகப் போகவில்லை. ஆனால் அவற்றில் எதன் உள்ளே என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். அது சாதாரண வேலை நாள், அதுதான் நல்லது. காலை வண்டியில் இரண்டு பேரும் போவோம். நீ உன் பாட்டுக்கு லேபைப் பார், பழவேற்காட்டுப் பெண்ணைத் தேடிப் பேசு, அந்தச் சாரிடம் எதையாவது கேள். எனக்காகத் தலையாட்ட வேண்டாம், எனக்கு எதுவும் காட்டவும் வேண்டாம். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், நீ எந்த வண்டியில் வந்தாலும் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் பைக்கோடு நிற்பார். "நிக்கிறேன், நிக்கிறேன். ராத்திரி கடைசி வண்டின்னாலும் நிக்கிறேன். ஆர்ச்சாண்டையே ஒரு பஸ்ஸு சும்மா நின்னுக்கினு இருக்குதேன்னுதான் ஒரு சின்ன வருத்தம்" என்றார்.

நாலு மணி ஆனதும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விடுவேன். எனக்கு அது பழக்கம்தான். நீ இரு.

அம்மா